அப்பா இருந்த கிறீக்

போன வாரம் என் மகன் சாப்பிட்டுக்கொண்டே ஒரு விடயத்தைச் சிரிப்போடு சொன்னான். கோடை முழுவதும் பல்கலைக்கழகக் குழுவோடு பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கு மலைகளில் பாறைகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தான். அங்கே ஒருநாள் ஓடையொன்றைக் கடக்கும்போது தண்ணீர் அவனை இழுத்துக்கொண்டு போய், கீழே ஒரு பாறையில் சேர்த்ததாம். அன்று மாலை அவன் எனக்கு அனுப்பிய செய்தி என் தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. ‘எல்லாம் நல்லம் அம்மா.’ அதை வாசித்துவிட்டு நான் நிம்மதியாகப் படுத்து நித்திரை கொண்டிருக்கிறேன். அந்த நித்திரையை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. ஒரு வாரமாக அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்துபோகிறேன். வேலைக்குப் போகும் வழியில் மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறேன்.

“ஏன் அப்பவே சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“சொன்னால் நீங்கள் பயப்பிடுவீங்கள்” என்றான்.

இதே பதிலை நானும் ஒருகாலத்தில் வைத்திருந்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கனடாவுக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. சென்ட் லோரன்டில் அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது, நான்காம் மாடியில் இருந்த அண்ணை வேறொரு வேலை பிடித்துக் கொடுத்தார். கனிமம் தேடும் கம்பனி ஒன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கு மலைகளில் கூடாரம் போட்டிருந்தது. அங்கே சமையற்காரருக்கு உதவியாள் வேண்டும். அப்பாவுக்குத் தேநீர் ஊற்றுவதைத் தவிர சமையலில் எதுவும் தெரியாது. அது கம்பனிக்குத் தெரியாது. ஜூன் மாதம் போய்விட்டார்.

அம்மாவுக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பார். தம்பிக்குச் சோறு தீத்தும்போதும் நடந்துகொண்டுதான் தீத்துவார். ஆகஸ்டில் அப்பாவிடமிருந்து கடிதம் வந்த பிறகுதான் உட்கார்ந்தார். ‘கூடாரத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு கிறீக்கில் இருக்கிறோம். நல்ல இடம். யோசிக்க வேண்டாம்’ என்று அப்பா எழுதி, அந்தக் கிறீக்கின் பெயரை ஆங்கிலத்தில் தனியாகக் குறித்திருந்தார்.

அம்மா யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தவர். மீன்பிடிக் குடும்பம். அவருடைய ஊரில் கடல் ஓரிடத்தில் ஒடுங்கி நிலத்துக்குள் புகுந்து, தாழங்காடு வரைக்கும் போகும். தமிழில் கழி. வெள்ளைக்காரன் காலத்துப் பலகையில் அதற்குக் கிறீக் என்று எழுதியிருந்ததாம். ஆகவே அம்மாவுக்கு உலகத்தில் உள்ள எல்லாக் கிறீக்கும் தெரிந்த இடமாகிவிட்டது.

“கிறீக் எண்டால் ஒரு பயமும் இல்லை” என்று மேல்மாடி அண்ணைக்கு விளங்கப்படுத்தினார். “பக்கத்திலை கடல் இருக்கும். கடல் இருந்தால் வள்ளம் வரும். வள்ளம் வந்தால் ஆக்கள் இருப்பினம்.”

“அப்ப அவர் அங்கை நண்டும் கணவாயும் எல்லே திண்டுகொண்டிருப்பார்” என்றார் அண்ணை. “நாங்கள் இஞ்சை ஐஸ்மீனோடை மாரடிக்கிறம்.”

“நீங்களும் போறதுதானே. ஆர் வேண்டாமெண்டது?”

“எனக்கு நீச்சல் தெரியாது, தங்கச்சி.”

அம்மா சிரித்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை விசாரணைக்கான கடிதம் வந்தது. வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விசாரணை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அப்பாதான் முதல் விண்ணப்பதாரர். அவர் வராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், எங்கள் நால்வருக்கும் சேர்த்து. அந்தக் கடைசி வரியை அம்மா என்னை மூன்று தடவை வாசிக்கச் செய்தார்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் கம்பனியின் மொன்ட்ரியால் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். அம்மா என் பக்கத்தில் ரிசீவரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதை விட்டால் அப்பா கைநழுவிப்போவார் என்பதுபோல. மறுமுனையில் ஓர் ஆண்குரல் பொறுமையாகப் பேசியது. அப்பாவை அனுப்ப அவர்களுக்கும் விருப்பம்தான். ஆனால் அந்த ‘ரூயிஸோ’வுக்கு வீதி கிடையாது. பழைய எரிமலை மேட்டில் இருக்கிறது. ஹெலிகொப்டரில் மட்டும்தான் போய்வரலாம். சனிக்கிழமையிலிருந்து மேகம் மேட்டின்மேல் படிந்து கிடக்கிறது. எப்போது விலகும் என்று அவரால் சொல்ல முடியாது.

ரூயிஸோ என்ற சொல் எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த சொல். தாண்டிக் குதிக்கக்கூடிய சின்ன ஓடை. அதில் கடலும் கிடையாது, வள்ளமும் கிடையாது.

“என்னவாம்?” என்றார் அம்மா.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாதமாக நடந்து களைத்து, மூன்று கிழமைதான் உட்கார்ந்திருந்த முகம்.

“தண்ணி வத்திப்போச்சாம். வள்ளம் வரேலாதாம்” என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அம்மா பெரிதாக மூச்சு விட்டார்.

“ஓம், வத்துக்கு வள்ளம் தரை தட்டும்தானே. இதுக்கேன் இவ்வளவு நேரம் கதைச்சவன்?” என்று சொல்லிக்கொண்டே தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டிக்கு முன்னால் போய் நின்றார். “நாளைக்குப் பூரணை. தண்ணி நல்லா ஏறும். புதன்கிழமை வெளிக்கிட்டால் வியாழன் கொப்பா வந்திடுவார். வெள்ளி விசாரணை. மாதா கணக்காத்தான் பாத்து வைச்சிருக்கிறா.”

கடலோடு பிறந்தவரிடம் கடலைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தேன். அவர் அதற்கு நாளும் குறித்துவிட்டார். அன்றைக்கே அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, கதவுக்குப் பின்னால் கொளுவினார். அந்தச் சட்டையைத் தாண்டித்தான் நான் குளியலறைக்குப் போகவேண்டியிருந்தது. போகாமல் அடக்கிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நேரே நூலகத்துக்குப் போனேன். நான் சொன்ன பொய் எவ்வளவு பெரியது என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. கிறீக்கின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அட்லஸ் எதிலும் அது இல்லை. நூலகர் உள்ளே போய்க் கன நேரம் கழித்து மேசையளவு அகலமான ஒரு வரைபடத் தாளைக் கொண்டுவந்து விரித்தார். தாள் முழுவதும் விரல்ரேகைபோல மண்ணிறக் கோடுகள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதரை என்று சொல்லித் தந்துவிட்டுப் போனார்.

ஓடை ஒரு வெள்ளைத் திட்டின் அடியில் தொடங்கியது. அது எரிமலையின் தலையில் உறைந்துகிடந்த பனி. அங்கிருந்து இறங்கி, லாவா பரவிக் காய்ந்த அகன்ற மேட்டுநிலத்தில், எங்கே போவதென்று தெரியாததுபோல வளைந்து வளைந்து ஓடியது. அதன் இருபுறமும் சின்னச்சின்ன வட்டங்கள். அவை எரிமலைச் சாம்பல் குவிந்த கூம்புகள். பிறகு மேட்டுநிலம் சடாரென்று முடிந்தது. அந்த விளிம்பில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே கறையாகியிருந்தன. ஓடை அந்தக் கறைக்குள் விழுந்து, அடியில் இருந்த பள்ளத்தாக்கில் எழுந்து, மேற்கே திரும்பித் தாளின் ஓரத்தில் நின்றுபோனது. அதற்கப்பால் எங்கே போகிறது என்பதை அட்லஸில் பார்த்துக்கொண்டேன். காடு இருந்தால் பச்சை போடுவார்களாம். பள்ளத்தாக்கில் மட்டும் கொஞ்சம் பச்சை. வீதிக்கான கோட்டைத் தேடினேன். வீட்டுக்கான சிறு சதுரத்தைத் தேடினேன். தாளின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் விரலால் தடவித் தேடியும் ஒன்றும் இல்லை.

நூலகரிடம் மெல்லிய தாள் வாங்கி ஓடையை அப்படியே படியெடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. மடித்துக் கணிதக் கொப்பிக்குள் வைத்தேன்.

புதன்கிழமை பிற்பகல் வழக்கறிஞரைச் சந்திக்க நகர மத்திக்குப் போனோம். மெட்ரோவில் அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு வியாழன் இரவுக்கு என்ன சமைக்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு தரிப்பிடம் தாண்டுவதற்குள் நான் மூன்று ஆசனம் மாறி உட்கார்ந்தேன்.

வழக்கறிஞர் ஒரு பெண். நேரத்தை வீணாக்கமாட்டார்.

“அப்பா எங்கே?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

அம்மாவுக்கு அந்தக் கேள்வி மட்டும் விளங்கியது. நான் வாய் திறக்கும் முன்பே தொடங்கிவிட்டார். “சொல்லு பிள்ளை, அவர் நிக்கிற இடம் ஒரு கிறீக். நேற்றுப் பூரணை, தண்ணி ஏறியிருக்கும். இண்டைக்கு வள்ளம் எடுத்தால் நாளைக்கு நிப்பார். யோசிக்க வேண்டாமெண்டு சொல்லு.”

வழக்கறிஞர் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். “அவர் வருவாரென்றால் நல்லது. வரமாட்டாரென்றால் நான் இன்றைக்கே, ஐந்து மணிக்கு முன், விசாரணையைத் தள்ளிவைக்கத் தவணை கேட்கவேண்டும். நாளைக்குக் கேட்டால் தரமாட்டார்கள்.”

சுவரில் மணி நாலு ஆவதற்கு ஐந்து நிமிடம் இருந்தது. நான் கொப்பியிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தேன். பனி, மேடு, கூம்புகள், விளிம்பு, பள்ளத்தாக்கு என்று தெரிந்ததையெல்லாம் பிரெஞ்சில் சொன்னேன். வீதி இல்லை, மேகம் படிந்திருக்கிறது, ஹெலிகொப்டர் போகாது, அவர் வரமாட்டார் என்றேன். வழக்கறிஞர் கம்பனியின் இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு உடனே அடுத்த அறைக்குப் போனார்.

அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பினார்.

“இதிலை கடல் எங்கை?”

“இல்லை.”

“இந்தக் கோடெல்லாம்?”

“மலை. எரிமலை. இப்ப எரியிறேல்லை.”

அம்மா ஓடையின் தொடக்கத்தில் விரலை வைத்து, நான் கீறிய வளைவெல்லாம் வளைந்து, தாளின் ஓரம் வரைக்கும் மெதுவாகக் கொண்டுபோனார்.

“பேந்து?”

“பேந்து பெரிய ஆறு. அது அலாஸ்காவுக்குள்ளாலை போய்க் கடலிலை விழும்.”

“அது தூரமோ?”

“கனதூரம்.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“திங்கக்கிழமை.”

அம்மா விரலை மடித்து எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன். மூன்று விரல்களையும் மடித்தபடியே என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நான் தோளைக் குறுக்கினேன்.

“அந்தத் தண்ணி குடிக்கலாமோ?” என்றார்.

“ஓம். பனி உருகின தண்ணி.”

“அப்ப சரி” என்று தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தவணை கிடைத்தது. அப்பா மலையில் மாட்டிக்கொண்டதை உறுதிசெய்து கம்பனி அனுப்பிய தொலைநகல் ஐந்து மணிக்குச் சற்று முன் வந்து சேர்ந்தது. அப்பா ஒன்பது நாள் கழித்துத் தாடியோடு வந்தார். அந்த மலையில் மஞ்சளும் சிவப்புமாகக் கற்கள் கிடப்பதாகவும், ஓடையின் இரைச்சலில் ஆளுக்கு ஆள் கத்தித்தான் கதைக்கவேண்டும் என்றும் சொன்னார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “கிறீக் எண்டுதானே எழுதினனான். கிறீக்கிலைதானே இருந்தனான்” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, அக்டோபர் மாதத்தில், அம்மா தம்பியைக் கார்டரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுப் புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கினார். அதன் பிறகு தொலைபேசி அடித்தால் என்னைக் கூப்பிடுவதில்லை. தபாலைப் பிரித்துத் தானே அகராதியோடு உட்கார்ந்தார். ஜனவரியில் தம்பிக்குக் காது வலித்து மருத்துவரிடம் போனோம். வழக்கம்போல நான் வரவேற்பு மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா என் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு கதிரையில் இருத்திவிட்டுத் தானே போனார். அங்கிருந்த பெண் அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தாள். அம்மா அவள் பார்வையை மறைத்து நின்று, “மா ஃபீய், நோ. முவா” என்றார். என் மகள் இல்லை, நான்.

காதுக்குப் பிரெஞ்சில் ‘ஒரேய்’. அம்மா ‘ஒறான்ஜ்’ என்றார். தன் மகனுக்குத் தோடம்பழம் வலிக்கிறது என்று மூன்று தடவை அழுத்திச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சரியான சொல் என் வாய்க்குள் இருந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. தம்பியின் காதைப் பிடித்து இழுத்துக் காட்டி அலுவலை முடித்தார்.

ஒரு பொய்க்கு இவ்வளவு நீளமான தண்டனை இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிப் பொய் சொல்லமாட்டன் அம்மா” என்றேன்.

“என்ன பொய்?” என்றார் அம்மா. “நீ ஜன்னல் பக்கம் இரு, வெளியிலை விடுப்புப் பார்.”

அவருடைய கோபம் இன்னும் ஆறவில்லை என்று அந்த வயதில் நான் முடிவுசெய்துகொண்டேன்.