வெர்ன் திருப்பிக் கொண்டுவந்த கம்ப்யூட்டர்கள்

வெர்ன் டோம்ப்ராவ்ஸ்கியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால், எங்கள் கடையில் எல்லோருக்கும் திடீரென்று தலைக்கு மேல் வேலை வந்துவிடும். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் ஏரிக்கரையில் இருக்கும் ஈரி நகரத்தின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடையில், வாங்கிய சரக்கைத் திருப்பித் தரும் கவுண்டரில் வருஷக்கணக்காக நிற்பவள் நான். என் பெயர் மார்சி. என் முன்னால் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் பச்சைப் பொய்யர்கள். சூப்பர் பௌல் ஃபுட்பால் ஆட்டத்தைப் பெரிய டி.வி.யில் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அதை வண்டியில் போட்டுக் கொண்டுவந்து, "சுவத்துக்குப் பொருந்தல" என்பார்கள். டி.வி. மேல் சிப்ஸ் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெர்ன் பொய் சொன்னதே கிடையாது. வாங்கிய புது லேப்டாப் கம்ப்யூட்டரை அழகாகத் துடைத்து, வந்த மாதிரியே பெட்டியில் அடுக்கி, டேப்பைக்கூட நேராக ஒட்டிக் கொண்டுவருவார்.

"எதுக்கு வெர்ன் திருப்பித் தர்றீங்க?"

"மெதுவா இருக்கு."

"போன தடவையும் இதேதானே சொன்னீங்க?"

"போன தடவையும் மெதுவாத்தான் இருந்துச்சு."

மனிதர் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புது எஞ்சினைத் தண்டவாளத்தில் விரட்டிப் பார்த்து, சொன்ன வேகம் வருகிறதா என்று அளந்து கையெழுத்துப் போடும் வேலை. ஓய்வு பெற்றதும் அளக்க ஒன்றுமில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். முதலில் மைக்ரோவேவை அளந்தார். பிறகு பாத்திரம் கழுவும் மெஷினை அளந்தார். அவர் மனைவி ஜோவான், நாக்கில் தயவு தாட்சண்யமே இல்லாதவள், "அடுத்து என்னை அளக்க வந்தீங்கன்னா வாசல்ல படுக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவருடைய மகன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்துத் தொலைத்தான்.

அதில்தான் வெர்ன் அந்த அநியாயத்தைக் கண்டுபிடித்தார். ஒரே கம்பெனி, ஒரே தோற்றம், ஒரே நிறம். ஆனால் விலை குறைந்த மாடலில், ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்கில் இரண்டு சிப்புக்குப் பதில் ஒரே ஒரு சிப். அதனால் டிஸ்கின் வேகம் நேர் பாதி. பெட்டி மேல் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வெர்ன் சொன்னதில் எள்ளளவும் பொய்யில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

அன்றிலிருந்து எந்தப் புது மாடல் வந்தாலும், அதில் விலை குறைந்ததை வாங்குவார், வீட்டுக் கராஜில் வைத்து அளப்பார், பதினைந்து நாள் கெடு முடிகிற அன்று திருப்பித் தருவார். எப்படி அளப்பார் என்று ஒருமுறை கேட்டேன். பிரம்மாண்டமான ஒரு ஃபைலை எடுத்து, அதே டிஸ்கில் இன்னொரு இடத்துக்குக் காப்பி செய்வாராம்.

"அந்த ஃபைல்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெத்து ஃபைல். அளக்கறதுக்குன்னே பண்ணினது."

ஆக, ஒன்றுமில்லாததை எங்கும் போகாமல் எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகலாம் என்பதுதான் இவருடைய ஆராய்ச்சி. அதை வீடியோவாக எடுத்து இன்டர்நெட்டில் வேறு போடுவார். பார்ப்பவர்கள் சொற்பம். அவர்களும் கீழே "தாத்தா, போய்த் தூங்குங்க" என்றுதான் எழுதுவார்கள். வெர்ன் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவார்.

கடைக்கு வந்தாலும் சும்மா இருக்க மாட்டார். கம்ப்யூட்டர் வரிசையில் நின்றுகொண்டு, வாங்க வருகிறவர்களை மடக்குவார். ஒருநாள் ஒரு கன்னியாஸ்திரியையே மடக்கிவிட்டார்.

"சிஸ்டர், அதை எடுக்காதீங்க. டிஸ்க் பாதி வேகம்தான்."

"நான் ஜெபக் கூட்டத்துக்கு நோட்டீஸ் மட்டும்தான் அடிப்பேன், மகனே."

"நோட்டீஸ் திறக்கவும் நேரம் ஆகும் சிஸ்டர்."

"எவ்வளவு?"

வெர்ன் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "கண் சிமிட்டற நேரம்னு வையுங்க."

"அந்த நேரத்துல உனக்காக வேண்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் அதையே எடுத்துக்கொண்டு போனார்.

நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "வெர்ன், சூப்பர் மார்க்கெட்ல ஒரு பாக்கெட் ரொட்டி மட்டும் வாங்கறவனுக்கு, ஒரு கவுண்டர் திறந்திருந்தா என்ன, ரெண்டு திறந்திருந்தா என்ன?"

"ரெண்டு கவுண்டருக்குக் காசு வாங்கிட்டு ஒண்ணை மூடி வெச்சா, அது திருட்டு இல்லையா?"

"திருட்டுதான். ஆனா ரொட்டி வாங்கறவனுக்கு வலிக்கலையே!"

"அவனுக்கும் சேர்த்துத்தான் எனக்கு வலிக்குது" என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் என்ன வாதாடுவது? செவிடன் காதில் ஊதின சங்கு.

ஆனால் இந்தக் கிறுக்கால் ஊருக்கு ஒரு நன்மை இருந்தது. திருப்பி வரும் கம்ப்யூட்டரைப் புதிது என்று விற்க முடியாது. பெட்டி பிரித்த சரக்கு என்று தனி அலமாரியில் வைப்போம், விலையில் நூறு டாலர் குறையும். வெர்ன் தொட்ட சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவரைவிடச் சுத்தமாக அதைச் சோதித்தவன் உலகத்தில் இருக்க மாட்டான். எனவே, எனக்குத் தெரிந்தவர்கள் யாருக்காவது கம்ப்யூட்டர் தேவைப்பட்டால், "கொஞ்சம் பொறு, வெர்ன் வாங்கிட்டுப் போயிருக்கார்" என்பேன்.

ரோஷெல் பெட்டிஸிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஸ்கூல் பஸ் ஓட்டுபவள். ஏரியிலிருந்து பனி வந்து ஊரையே புதைக்கும் காலத்தில், விடிவதற்கு முன்னால் போய் பஸ் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிச் சுரண்டி அவள் தோள்பட்டை போய்விட்டது. இன்னும் ஒரு பனிக்காலம் தாங்காது என்று டாக்டர் சொன்னார். அதனால் ஆஸ்பத்திரி பில் எழுதும் வேலைக்குப் படித்தாள். திங்கட்கிழமை பரீட்சை. வீட்டிலிருந்தே எழுத வேண்டும், கேமரா எழுதுபவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவளிடம் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குக் கேமராவும் இல்லை, உயிரும் இல்லை. அதை ஆன் பண்ணிவிட்டு அவள் குளித்து, உடுத்தி, முட்டை பொரித்து வந்து பார்த்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். புதிது அறுநூறு டாலர், அவளால் முடிந்தது ஐந்நூறு. வெர்னின் கெடு சனிக்கிழமை முடிகிறது. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் டெரிக் என்னைக் கூப்பிட்டு, தலைமை அலுவலகம் அனுப்பிய உத்தரவைக் காட்டினான். அடிக்கடி திருப்பித் தருபவர்களைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். வெர்னிடமிருந்து இனி எதையும் திரும்ப வாங்கக் கூடாது.

"இந்த ஒண்ணை மட்டும் வாங்கிக்கலாமே டெரிக்? ஒருத்திக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"கம்ப்யூட்டரே வாங்காது மார்சி. அவர் பேரை அடிச்சா சிவப்பா வருது."

வெர்ன் வந்தார். பெட்டியை வைத்தார். பேரை அடித்தேன், சிவப்பாக வந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்கவைத்த பிள்ளை மாதிரி பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஆனா மெதுவா இருக்கே" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அலமாரிப் பக்கம் கைப்பையைப் பிடித்தபடி நின்ற ரோஷெல் மேல்.

எனக்குச் சாப்பாட்டு நேரம். இரண்டு பேரையும் வெளியே தள்ளிக்கொண்டு போய், என் காரில் ஏற்றி, ஹீட்டரைப் போட்டேன். வெர்ன் முன்னால், ரோஷெல் பின்னால், பெட்டி அவள் மடியில். நான் பெப்பரோனி இறைச்சி வைத்த ஒரு ரொட்டி உருண்டையை வாயில் அடைத்துக்கொண்டு, "ரோஷெல், இவர்தான் மிஸ்டர் டோம்ப்ராவ்ஸ்கி. வெர்ன், இவங்க ரோஷெல். இவங்களுக்குக் கம்ப்யூட்டர் வேணும். உங்களுக்கு இது வேண்டாம். ஐந்நூறு டாலர். முடிச்சுக்கங்க" என்றேன்.

ரோஷெல் பர்ஸைத் திறந்தாள். வெர்ன் அவள் கையைப் பார்த்துப் பதறினார்.

"வேண்டாம்மா. இதை உங்க தலையில கட்ட எனக்கு மனசு வராது."

"ஏன், உடைஞ்சு கிடைஞ்சு இருக்கா மிஸ்டர் டி?"

"உடையல. இதோட டிஸ்க் மெதுவா இருக்கு."

"யோவ் வெர்ன்!" என்றேன். வாயில் இருந்தது கண்ணாடியில் தெறித்தது. "அந்தப் பொண்ணுக்குத் திங்கக்கிழமை பரீட்சைய்யா! வாயை மூடிட்டுக் காசை வாங்குங்க!"

"நீ சும்மா இரு கண்ணு" என்றாள் ரோஷெல் என்னிடம். கம்ப்யூட்டரை வெளியே எடுத்து, ஆன் பண்ணினாள். சீட் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு நிமிர்வதற்குள் திரை வந்துவிட்டது. அவள் கடை வாசலிலிருந்து வந்த வைஃபையைப் பிடித்து, பரீட்சைப் பக்கத்தைத் திறந்தாள். திறந்தது. கேமராவைப் போட்டாள். அவள் முகமும், அவள் பின்னால் என் காரில் கிடக்கும் குப்பையும் தெரிந்தன.

"எங்க மெதுவா இருக்கு?"

"இப்பத் தெரியாதும்மா. பெரிய ஃபைல் காப்பி பண்ணினாத்தான் தெரியும்."

"நான் எதுக்குப் பெரிய ஃபைல் காப்பி பண்ணப் போறேன்?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்று வெர்ன் பெருமூச்சு விட்டார். "பண்றீங்களோ இல்லையோ, உங்களுக்குச் சேர வேண்டியது கிடைக்கலையே. டிஸ்க்தாம்மா கம்ப்யூட்டருக்கு உசிரு. மத்ததெல்லாம் தோலு, எலும்பு."

ரோஷெல் அவரையே பார்த்தாள். அறுபது பிள்ளைகள் அலறும் பஸ்ஸை நடுவழியில் ஓரங்கட்டி, கண்ணாடியிலேயே பார்த்து அடக்குகிறவள் அவள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"எவ்வளவு மெதுவா இருக்கு மிஸ்டர் டி?"

"பாதி. நேர் பாதி."

"நிச்சயமா?"

"அம்மா, நான் அளந்தேன். திரும்பத் திரும்ப அளந்தேன்."

"உசிரே பாதிதான் இருக்குன்னு சொல்றீங்க."

"அதேதான்!" வெர்ன் சீட்டில் அப்படியே திரும்பிவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க சொல்றது நியாயம்தான்" என்றாள் ரோஷெல். "பாதிக் கம்ப்யூட்டருக்கு முழு விலை குடுக்கறது பைத்தியக்காரத்தனம். முந்நூறு தர்றேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அன்றுதான் முன் சீட்டில் உட்கார்ந்து நேரில் பார்த்தேன். வெர்ன் வாயைத் திறந்தார். அவர் சொல்ல வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம்: 'அதெல்லாம் அன்றாட வேலைக்குத் தெரியாதும்மா, நல்ல மெஷின்தான், ஐந்நூறு கொடுங்கள்.' நான், டெரிக், ஜோவான், கன்னியாஸ்திரி, இன்டர்நெட்டில் இருக்கும் எல்லோரும் இத்தனை காலமாக அவரிடம் கெஞ்சியது இதைத்தான். சொன்னால் இருநூறு டாலர் மிஞ்சும். வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"முந்நூறு சரிதான்" என்றார்.

ரோஷெல் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். இறங்கும்போது என் தோளைத் தட்டி, "தாங்க்ஸ் கண்ணு" என்றாள். பிறகு குனிந்து, முன் ஜன்னல் வழியாக, "மிஸ்டர் டி, நீங்க நேர்மையான மனுஷன். வேற யாராவது இருந்தா இந்தப் பாதி விஷயத்தைச் சொல்லியே இருக்க மாட்டான்" என்றாள். கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பொம்பளை முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. பெட்டியை அணைத்துக்கொண்டு, பனியில் கால் வழுக்காமல் தன் வண்டிக்கு நடந்துபோனாள்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "வெர்ன், வாங்கின விலையில பாதி போச்சு. உங்களுக்கு மூளை இருக்கா? ஜோவானுக்கு என்னய்யா பதில் சொல்லப் போறீங்க?"

அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. கையிலிருந்த நோட்டுகளை எண்ணக்கூட இல்லை. ரோஷெலின் வண்டி ரோட்டில் திரும்பும் வரை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"கேட்டியா மார்சி?" என்றார். "நியாயம்தான்னு சொன்னா. நான் சொன்னதை ஒருத்தி நியாயம்னு சொல்லிட்டாடி."