பெயிண்டுக்கு அடியில்

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு சின்ன பிரஸ் கம்பெனியில் நான் எலெக்ட்ரீஷியன். மூன்றாவது பிரஸ்ஸில் என் தங்கச்சி. அந்த வேலைக்கு அவளைக் கூட்டிப்போய்ச் சேர்த்தவனே நான்தான்.

எங்கள் ஆட்கள் மிஷின்கிட்ட செருப்புக் காலோடு போகமாட்டார்கள். வாசலிலேயே கழற்றிவிட்டு, பிரஸ்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தங்கச்சி என்னிடம் வந்தாள்.

"மிஷினைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுண்ணா."

மேனேஜரைக் கூட்டிவந்தேன். அவர் பளபளக்கும் ஷூவோடு நின்று பிரஸ்ஸை நன்றாகத் தடவிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. வேலை செய்யாம இருக்க இது ஒரு சாக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரப்பர் அடி போட்ட ஷூவுக்குள் இருக்கிற காலுக்கு என்ன தெரியும்? அவளுக்கு ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னேன்.

அடுத்த நாள் எங்களுக்கு எர்த் டெஸ்டர் விற்பதற்காக மவுண்ட் ரோட்டிலிருந்து ஒரு விற்பனையாளர் இரண்டு பெட்டியோடு வந்தார். மீட்டரோடு ஆள் வந்தால் எர்த் கம்பி புதைத்த குழியில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வாட்ச்மேனுக்குப் பழக்கம். ஈரம் இருந்தால் அளவு நன்றாக வரும். அன்றைக்கும் குடம் குடமாக ஊற்றினார். முதல் பெட்டி கையால் சுற்றுவது, குழியை மட்டும் அளப்பது. முள் அழகாகக் கீழே நின்றது.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேக்கறது இதைத்தான். இதுவே போதும்" என்றார் மேனேஜர்.

"குழி நல்லாதான் கீது சார். அது மிஷின் வரைக்கும் வந்து சேருதான்னு இது சொல்லாது. அந்த இன்னொரு பெட்டிய வைங்க" என்றேன்.

இரண்டாவது பெட்டி ஒயரின் இன்சுலேஷனும் பார்க்கும், எர்த் லூப்பும் பார்க்கும். மிஷினில் கரண்ட் கசிந்தால் அது எர்த் கம்பி வழியாகத் திரும்பிப்போய் ஃப்யூஸை எரித்துக் கரண்டை நிறுத்த வேண்டும். அந்தப் பாதை முழுசாக இருக்கிறதா என்பதை மிஷினிலேயே வைத்து அளந்து காட்டும்.

"லைன் நிக்கக்கூடாது, வேலை ஓடணும்" என்றார் மேனேஜர். நான் அதைக் காதில் வாங்கவில்லை. தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினேன். யாரும் பிரஸ்ஸைத் தொடாதீர்கள் என்று விற்பனையாளர் சொன்னார். பிரஸ்ஸின் உடம்பில் ஓர் ஓரத்தைச் சுரண்டி கிளிப்பை மாட்டி, பட்டனை அமுக்கினார். முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பாதை எங்கேயோ அறுந்திருக்கிறது.

"பொட்டி ரிப்பேர்" என்றார் மேனேஜர்.

பக்கத்து பிரஸ்ஸில் வைத்தோம். முள் கீழேயே நின்றது. திரும்ப இங்கே வைத்தோம், கடைசிக்குப் போனது.

"சார், ஷூவைக் கழட்டிட்டு ஒரு வாட்டி தொட்டுப் பாருங்க" என்றேன். குரல் எனக்கே மரியாதையில்லாமல்தான் கேட்டது.

அவர் என்னை முறைத்தார். குனிந்தார். ஒரு லேஸை அவிழ்த்தார். நிமிர்ந்து பிரஸ்ஸைப் பார்த்தார், தங்கச்சியின் வெறுங்காலைப் பார்த்தார். மறுபடி குனிந்து லேஸைக் கட்டிக்கொண்டார்.

"மெயினை ஆஃப் பண்ணுப்பா" என்றார்.

எர்த் கம்பியை பிரஸ்ஸோடு சேர்க்கும் பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் கெட்டியாகப் பச்சை பெயிண்ட். பூஜைக்காக மிஷினுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் பட்டையைக் கழற்றி, அந்த இடத்திலும் அடித்து, அதன் மேலேயே முறுக்கிவிட்டிருந்தார்கள். இரும்பை இரும்பு தொடவே இல்லை. பளிச்சென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன். எங்கே கசிகிறது என்று அதே பெட்டியால் தேடினேன். மோட்டார் ஒயர் ஒன்று தோல் உரிந்து கிடந்தது. அதையும் மாற்றிவிட்டு மறுபடி அளந்தபோது முள் இறங்கிவிட்டது.

"இந்தப் பொட்டியே இருக்கட்டும்" என்று மேனேஜர் விற்பனையாளரிடம் சொன்னார்.

தங்கச்சி புறங்கையால் பிரஸ்ஸை மெல்லத் தொட்டாள். பிறகு முழுக் கையையும் வைத்தாள்.

"இப்போ இழுக்கலண்ணா" என்றாள். மேனேஜர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நேத்துலேர்ந்து நான் சொல்லிகினே கீறேன். இந்தப் பொட்டி ஒரு வாட்டி சொல்லிச்சு, நம்பிட்டாங்க."