கூப்பிடுகிறார்களா, கும்பிடுகிறார்களா

செய்தியைச் சொன்னவர் கன்னியப்பன். திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் கீழ்பென்னாத்தூர் வேனுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலை நிறுத்தினார். ஒரு காலத்தில் எங்கள் ஏரியில் துடுப்புப் படகு ஓட்டியவர்.

"லேட்டு ஏழுமலை போயிட்டாருப்பா. உனக்குச் சேதி வரலியா?"

வரவில்லை. நான் இப்போது வேலூரில் இருக்கிறேன். மஞ்சள் காமாலையாம். எட்டு நாள் ஆகியிருந்தது.

"எல்லாத்துக்கும் லேட்டு. இதுக்கு மட்டும் சீக்கிரம் போயிட்டாரு." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேன் நகர்ந்தது. தொற்றிக்கொண்டு போய்விட்டார்.

லேட்டு. இறந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. ஏழுமலையை அறிந்தவர்களில் பலர் அவருடைய முழுப் பெயரே அதுதான் என்பதுபோலச் சொல்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பெயர் பொய். அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

*

செங்கம் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் அந்த ஏரி. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் மட்டும் அங்கே படகு விடுவார்கள். ஆறு துடுப்புப் படகு. ஒரு மோட்டார் படகு. குத்தகை எடுத்தவர் சேலத்துக்காரர். எங்களுக்கு அவர் முதலாளி. சென்னையில் எம்.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பியிருந்த என்னை டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்தார். எழுபதுகளின் கடைசி.

சவாரி வருகிறவர்கள் துடுப்புப் படகை வாங்கிக்கொண்டு தாங்களே போகலாம். போவார்கள். திரும்ப வருவதுதான் சிரமம். கை சலித்துவிடும். துடுப்பு நழுவிவிடும். ஆகாயத்தாமரையில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களைக் கட்டி இழுத்துவரத்தான் மோட்டார் படகு. அதன் ஆள் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். குள்ளம். எப்போதும் முழங்கால்வரை ஈரம்.

என்னை முதல் நாளே "எம்மே" என்று கூப்பிட்டார்.

"பேரு சொல்லிக் கூப்புடுங்கண்ணா."

"படிச்ச படிப்ப வீணாக்கக் கூடாதுல்ல? ஆனா ஒண்ணு. எம்மேன்னு கத்துனா கரையில மேயற ஆடெல்லாம் திரும்பிப் பாக்குது."

மோட்டாரைப் பற்றி அவர் சொன்னது இது. "மச்சான் மாதிரி எம்மே. ரெண்டு வாட்டி கூப்ட்டா வராது. மூணாவது வாட்டி, கூப்புடறதுக்கு முன்னாடியே வந்து நிக்கும்." கயிற்றைச் சுண்டி இழுப்பார். பெரும்பாலும் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். அது அவருக்கு மட்டும்தான்.

*

ஒருநாள் புது மாப்பிள்ளை ஒருவர் பெண்ணை உட்கார வைத்துப் படகு எடுத்தார். நடு ஏரியில் அரை மணி நேரம் வட்டம் போட்டார். இரண்டு துடுப்பில் ஒன்றைத்தான் பலமாகப் போடுகிறார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஏழுமலை போய்க் கயிறு கட்டி இழுத்துவந்தார். கரையில் பெண் வீட்டார் மொத்தமும் நின்றிருந்தது.

துறைக்கு இன்னும் முப்பது அடி இருக்கும்போது மோட்டார் நின்றது. ஏழுமலை கயிற்றை அவிழ்த்தார்.

"மாப்ள, இங்கேர்ந்து நீங்க போடுங்க. மாமனாரு பாக்கறாரு."

மாப்பிள்ளை போட்டார். அந்த முப்பது அடி நேராக வந்தது. மாமனார் கை கொடுத்து இறக்கினார்.

இது ஒருவருக்குச் செய்த தயவு அல்ல. எல்லாருக்கும் இதே வழக்கம்தான். துறை நெருங்கும்போது கயிற்றை விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டேன். "இழுத்துட்டு வந்தேன்னு எனக்குத் தெரிஞ்சா போதாதா? ஊருக்கே தெரியணுமா?" என்றார்.

இப்போது யோசிக்கிறேன். என்னையும் அப்படித்தான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

*

துறையில் ஒரு பலகை. முதலாளி எழுதி வைத்தது. "ஆபத்து என்றால் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டவும்."

அவர் சேலத்துக்காரர். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஏரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மலை சுற்ற வந்தவர்கள். கரையில் புளியமரங்கள் மலையை மறைத்திருக்கும். படகு நடு ஏரிக்குப் போனதும் மரங்களுக்கு மேல் மலை எழும்பும். உடனே இரண்டு கைகளும் தலைக்கு மேல் போய்விடும். அதோடு, ஏரியின் கோடியிலிருந்து பார்த்தால் மலையும் எங்கள் துறையும் ஒரே திசை. எங்களை நோக்கிக் கை தூக்குகிறவர் மலையை நோக்கித்தான் தூக்குகிறார்.

ஏழுமலை ஒவ்வொரு கைக்கும் போனார்.

ஒருமுறை போளூர்ப் பெண்கள் ஐந்தாறு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கரை வரை சத்தம் கேட்டது.

"ஏம்பா, சாமி கும்புடறப்ப டுர்ருன்னு வந்து குறுக்கால நிக்கறியே. மலைய மறைக்கிற."

"மலைய மறைக்கிற அளவுக்கு நான் வளந்துட்டனாம்மா? எங்க வூட்ல சொல்லுங்க, நம்ப மாட்டா."

திரும்பி வந்து, "கும்புடுதான்," என்று உட்கார்ந்தார். அன்று மட்டும் அது மூன்றாவது.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. இனி ஜன்னலில் கேட்காமல் மோட்டார் படகை எடுக்கக் கூடாது என்றார். என்னிடம் ஒரு பைனாகுலர் வந்தது. அதன்பிறகு தூரத்தில் கை எழும்பும்போதெல்லாம் ஏழுமலை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கேட்பார்.

"எம்மே, கூப்புடறாங்களா, கும்புடறாங்களா?"

நான் பார்த்துச் சொல்வேன். எனக்கு அது பிடித்திருந்தது. கேள்வி, கண், பதில். ஒரு பரீட்சைபோல.

அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறைதான் சொன்னார். "ரெண்டுக்கும் ஒரே கைதான் எம்மே. கிட்டப் போனாத்தான் தெரியும்."

*

தீபம் முடிந்து இரண்டு நாள். ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கலங்கல் என்றால் ஏரியின் உபரி நீர் தாண்டி விழும் கல்கட்டு. அந்தப் பக்கம் படகு போகக் கூடாது. வந்தவாசியிலிருந்து வந்த ஒரு குடும்பம் மதியத்துக்கு முன் படகு எடுத்தது. ஒரு பெரியவர், அவர் மகன், மருமகள், இரண்டு பெண் குழந்தைகள்.

நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் கூட்டம் கம்மி.

"எம்மே. தோ, அந்தக் கடைசிப் படகு. கூப்புடறாங்களா, கும்புடறாங்களா?"

படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன். மற்ற கையால் பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். பெரியவர் நிற்கிறார். தலைக்கு மேல் கை. உள்ளங்கைகள் சேர்ந்திருக்கின்றன.

"கும்புடறாங்கண்ணா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

நான் பார்த்தது ஒரே ஒருவரை. படகில் ஐந்து பேர்.

ஏழுமலை படிக்கட்டில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். நான் புத்தகத்துக்குத் திரும்பினேன். இரண்டு பக்கம் படித்திருப்பேன். பீடியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு அவர் எழுந்தார்.

"இவ்ளோ நேரமா எவன் கும்புடறான்? கை வலிக்காது?"

என்னிடம் கேட்கவில்லை. போய்விட்டார். மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் இழுப்பு.

துடுப்பு இரண்டும் போய்விட்டிருந்தன. காற்றும் தண்ணீரும் படகைக் கலங்கலுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தன. ஏழுமலை சேரும் முன்பே படகு கல்கட்டில் மோதிச் சாய்ந்திருந்தது. மருமகள் கழுத்தளவு தண்ணீரில், ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் சின்னக் குழந்தை. ஏழுமலை கயிறு வீசி ஒவ்வொருவராகத் தன் படகுக்கு இழுத்துக்கொண்டார். ஐந்து பேரும் பிழைத்தார்கள். பெரியவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

துறையில் அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். யாரையும் குறை சொல்லும் குரலில் அல்ல, நடந்ததைச் சொல்லும் குரலில் சொன்னார்.

"மொதல்ல உங்களத்தான் கூப்ட்டோம். யாரும் வரல. அப்புறம் அவனக் கும்புட்டோம்."

நான் பார்த்தது சரிதான். அவர் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

*

முதலாளி சாயங்காலம் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். ஏன் அவ்வளவு நேரம்? ஜன்னலில் சொன்னார்களா, இல்லையா?

நான் வாயைத் திறந்தேன். திறந்ததாக நினைக்கிறேன். அதற்குள் ஏழுமலை சொல்லிவிட்டார்.

"எம்மே சொல்ட்டாருங்க. மோட்டார்தான் புடிக்கல. நாலஞ்சு வாட்டி இழுத்தேன்."

அதோடு முடிந்தது. ஏழுமலையை மோட்டார் படகிலிருந்து இறக்கிப் படகு கழுவ விட்டார்கள். முதலாளி "லேட்டுப் பயலே" என்று திட்டியது மற்றவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. இவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் அவர் படகுக்கு அடியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்றது? உன்ன வேலைய வுட்டுத் தொரத்தனா வூட்ல இன்னா சொல்லுவே? எனக்குப் படகு கழுவத் தெரியும். உனக்கு அதுவும் தெரியாது."

"நான் போய் முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. அப்புறம் நான் பொய் சொன்னவன் ஆயிடுவேன். தள்ளி நில்லு, தண்ணி தெறிக்குது."

தள்ளி நின்றேன். அதையே ஒரு காரணமாக வைத்துக்கொண்டு பத்து வருடம் தள்ளி நின்றுவிட்டேன்.

*

கன்னியப்பனைப் பார்த்த அன்றே ஏழுமலையின் வீட்டுக்குப் போனேன். சரோஜா அண்ணி வாசலில் பாய் போட்டார். சுற்றிலும் உறவினர்கள். யாரோ ஒருவர் "லேட்டு" என்று ஆரம்பித்தபோது நான் குறுக்கிட்டேன். அன்று நடந்ததைச் சொன்னேன். எல்லார் முன்னாலும். சொல்லி முடித்து அண்ணியைப் பார்த்தேன்.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு," என்றார். "'அந்தப் புள்ள காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல, குடுத்துட்டு வா'ன்னு சோறு கட்டிக் குடுத்தாரு. நானும் எடுத்துகினு ஏரிக்கு வந்தேன். தூரத்துல என்னப் பாத்துட்டு நீ பின்பக்கமா போயிட்ட."

நினைவிருக்கிறது. பையோடு ஒரு பெண் கரைமேல் வேகமாக வந்துகொண்டிருந்தார். ஏழுமலையின் மனைவி. திட்ட வருகிறார் என்று முடிவு செய்தேன்.

"சோத்த இன்னா பண்ணீங்கண்ணி?"

"வரப்புல ஒக்காந்து நானே சாப்ட்டேன். வீணாக்க முடியுமா?"

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

*

இன்னும் ஒன்று.

அவர் இடத்துக்கு வந்த ஆளுக்கு மோட்டார் பிடிக்கவே இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு முதலாளி ஏழுமலையையே திரும்ப ஏற்றினார். முதல் நாள் காலை. வெயில் ஏறிவிட்டிருந்தது. ஏரியின் கோடியில் கைகள் எழுந்தன. அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

வேறொருவராக இருந்தால் என்னிடம் கேட்டிருக்க மாட்டார். அல்லது கேட்கும் குரலில் ஏதாவது இருந்திருக்கும். இவர் குரலில் எதுவும் இல்லை. என்றும்போலக் கேட்டார்.

"எம்மே, கூப்புடறாங்களா, கும்புடறாங்களா?"

பைனாகுலர் வழியே நீண்ட நேரம் பார்த்தேன். மூன்று பெண்கள். ஆறு கைகள். வாய்கள் அசைந்தன. எம்.ஏ. வரை படித்ததில் என் நாக்கு பழகியிருந்தது உடனே பதில் சொல்வதற்கு. அன்று வரவில்லை.

"தெரியலண்ணா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"அப்ப சரி," என்றார். போய்க் கயிற்றை இழுத்தார்.

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் கேட்கிறார்கள். சகாக்கள் கேட்கிறார்கள். யாரைப் பற்றியாவது, எதைப் பற்றியாவது. தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொல்ல என்னிடம் வாக்கியங்கள் ஜாஸ்தியாகவே இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் வந்து நிற்கிற ஒரு சொல்லை ஏழுமலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தெரியல. அதைச் சொன்ன பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. எழுந்திருக்கிறேன்.