நாற்பத்தெட்டு இலக்கங்கள்

இன்று காலை மடிக்கணினியின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. வி.பி.என். மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். இப்போதே போடட்டுமா, பிறகா என்று கேட்டது. 'பிறகு' என்று அழுத்தினேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டது. மறுபடி 'பிறகு'. இத்தனைக்கும் எனக்குச் சோறு போடுவதே இந்த வேலைதான். "ஊருக்கெல்லாம் அப்டேட் பண்ணுங்கன்னு மெயில் அனுப்புற, நீ மட்டும் பண்ண மாட்ற," என்று என் கணவர் சிரித்தார். அவருக்கென்ன, அவர் கேமரன் மலையில் வேலை பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். படிப்பு முடிந்த சூட்டில், ஈப்போவிலிருந்து இரண்டு ஸ்வெட்டரோடு மேலே போனவள். ஒரு தேயிலைக் கம்பெனியின் மூன்று தோட்டங்களுக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் கணினி ஆள். மலைமேல் பிரிஞ்சாங் ஊரில், ஒரு உரக்கடையின் மாடியில் அறை. பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஆபீஸ் சுவர்க்கடிகாரம் நின்றாலும் என்னைத்தான். "கம்ப்யூட்டர் டீச்சர் வந்துட்டாங்க" என்பார்கள். நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

அந்த ஆபீசை நினைத்தால் முதலில் வருவது குளிர்தான். காலையில் விரல் விறைத்துப் போயிருக்கும். மடிக்கணினியின் சார்ஜர் கட்டி சூடாகும் வரை காத்திருந்து, அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்வேன். அடுத்து வருவது பக்கத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாடும் வாசனை. மழைக்குப் பிறகு வெட்டிய புல்லும் கொஞ்சம் ஆப்பிள் தோலும் கலந்த மாதிரி இருக்கும். என் ஸ்வெட்டரில் அது ஏறிவிட்டதென்று ஈப்போ பஸ்ஸில் ஒரு அம்மாள் மோந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்.

வி.பி.என். விஷயத்துக்கு வருகிறேன். கோலாலம்பூரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக் கணினிகளுக்குள் மலையிலிருந்து போய்வர, பூட்டுப் போட்ட ஒரு தனிப்பாதை மாதிரி அது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமை அலுவலகம் அதற்குப் புதிய பதிப்பை எல்லா மடிக்கணினிகளுக்கும் அனுப்பிவிட்டது. திங்கட்கிழமை காலையில் பதினொரு மடிக்கணினிகள் எழுந்திருக்கவில்லை. சின்னம் வரும், புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், நீலத் திரை வரும், அணையும். மறுபடி சின்னம், மறுபடி புள்ளிகள். பதினொன்றையும் என் மேசையில் அடுக்கிவிட்டு, ஆளாளுக்கு என் முகத்தைப் பார்த்தார்கள்.

தலைமை அலுவலகத்தில் என் மேலதிகாரி அஸ்லான். நல்ல மனுஷர், ஆனால் அன்றைக்கு அவர் தலைமேல் நூற்றுக்கணக்கான கணினிகள். "ஃபார்மட் சாஜாலா," என்று மெயிலில் பதில் போட்டார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடு, அவ்வளவுதான் என்று அர்த்தம். ஆட்களின் கோப்புகளெல்லாம் எப்படியும் சர்வரில் இருக்கும் என்பது அவர் கணக்கு. சர்வருக்கு ஒரு கோப்பு போய்ச் சேருவதற்குள் ஒரு கூடை கொழுந்து கிள்ளிவிடலாம் என்பது மலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் சொன்ன பேச்சுக் கேட்கிற ஆள். முதலில் கைக்கு வந்தது, காட்டு வேலைக்குக் கணக்கெழுதும் வெளிக்காட்டுக் கிராணி கணேசனுடையது. அழித்தேன். அரைமணி நேரத்தில் புத்தம் புதிதாக எழுந்து நின்றது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திறந்து எதையோ தேடினார்.

"மழை எங்கமா?"

எனக்குப் புரியவில்லை. ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து அளவு குறித்து வைத்திருக்கிறார். யாரும் கேட்டு அல்ல. அவருக்கே ஒரு பிரியம். எல்லாம் அந்தக் கணினிக்குள் மட்டும்தான்.

"பென் டிரைவ்ல எதாச்சும்..." என்று இழுத்தேன்.

இல்லை என்று தலையாட்டினார். மடிக்கணினியை மெல்ல மூடிவிட்டு, "பேஞ்ச மழைதானே, விடுமா," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இதையெல்லாம் அடுத்த மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பிலோமினா அக்கா. தோட்ட மக்களின் நலன் பார்க்கும் கிளார்க். பிறப்புப் பத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு எல்லாம் அவர் வழியாகத்தான் போகும். நான் திரும்பிய நேரத்தில் எழுந்து வந்து, என் மேசை அடுக்கிலிருந்து தன் மடிக்கணினியை உருவி எடுத்துப் போய் மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, குடுங்க. பெரிய ஆபீஸ் ஆர்டர்."

"ஆர்டர் இருக்கட்டும். இதுல காமாட்சி இருக்கா."

காமாட்சியை எனக்கும் தெரியும். ஐம்பது தாண்டிய கொழுந்துக்காரி. அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே வேலைக்குப் போய், அங்கேயே பிள்ளை பெற்றவள். ஆனால் பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் அடையாள அட்டை கிடையாது; டவுனுக்குப் போனால் போலீஸைக் கண்டு ஒதுங்கியே நடப்பாள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி சாவதற்கு முந்தின வருஷம், 'இவள் இந்த லயத்தில் என் கையில்தான் பிறந்தாள்' என்று சத்தியக் கடிதத்தில் கைநாட்டு வைத்திருந்தார். அதன் அசல், கூரை ஒழுகி, மை கரைந்து, பாதி நீலக் கறையாகிவிட்டது. தெளிவாக இருந்தது பிலோமினா அக்கா ஸ்கேன் செய்த நகல் மட்டும். புதன்கிழமை குவாந்தானில் அட்டைக்கான நேர்காணல்.

"சர்வர்ல ஏத்தலையாக்கா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீதானமா சொன்ன, லைன் ஸ்லோவா இருக்கு, லெப்டாப்லயே இருக்கட்டும், அப்புறம் ஏத்தித் தரேன்னு."

சொன்னேன்தான். மூன்று மாதத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு எத்தனையோ கடிகாரங்களைச் சரி செய்திருக்கிறேன், அதை மட்டும் மறந்துவிட்டேன்.

அழிக்காமல் சரி செய்யவும் வழி இருந்தது. கணினியைக் குறைந்த பலத்தோடு பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்த வி.பி.என்னைப் பிடுங்கிப் போட வேண்டும். ஆனால் அந்த வாசல் திறக்க ஒரு சாவி எண் கேட்கும். ஒன்று இரண்டல்ல, ஆறு ஆறாக எட்டுக் கட்டங்களில் நாற்பத்தெட்டு இலக்கங்கள். அது அஸ்லானிடம் இருந்தது. எழுத்தில் அனுப்பக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி விதி. அந்த விதியைப் போட்டவர் எங்கள் ஆபீசில் கைபேசியில் பேசிப் பார்த்திருக்க மாட்டார். சிக்னல் கிடைப்பது கீழே ரோட்டு வளைவில், பஸ் நிறுத்தத்துக் கொட்டகையில் மட்டும்.

மடிக்கணினியை மழைக்கோட்டில் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் இறங்கினோம். மூன்றாவது ஆள் காமாட்சி. செய்தி எப்படியோ கொழுந்துக் காட்டுக்கு எட்டி, அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ரப்பர் பூட்சோடு வந்து நின்றாள். மூடுபனி கொட்டகைக்குள்ளும் வந்துபோய்க்கொண்டிருந்தது.

அஸ்லானிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு மலாயில் எண்களைப் படிக்க ஆரம்பித்தார். நான் ஸ்பீக்கரில் போட்டு, கேட்டதைத் தமிழில் திருப்பிச் சொல்ல, பிலோமினா அக்கா தட்டினார். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோரிகள் வளைவில் ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி தொடங்கினோம். கடைசியில் 'தவறான எண்' என்றது திரை. இரண்டாவது தடவையும் அதே. "இன்னும் பத்து பேர் லைன்ல இருக்காங்க," என்றார் அஸ்லான் மலாயில்.

"மூணாவது தடவை மெதுவாச் சொல்லச் சொல்லுமா," என்றாள் காமாட்சி. போனுக்குப் பக்கத்தில் வந்து காதை வைத்தாள். ஆறாவது கட்டத்தில் என் கையைத் தட்டினாள். "அவரு எம்பாட்ங்கிறாரு. நீ ஆறுன்னு சொல்ற. எனாம் இல்ல, எம்பாட். நாலு."

"நல்லாக் கேட்டீங்களாக்கா?"

"முப்பது வருஷமா கொழுந்து நிறுவைல லோரிக்காரன் மலாய்ல எடை கத்துறதக் கேக்குறேன். எனக்குத் தெரியாதா?"

நாலு என்று தட்டினோம். திறந்தது.

அதற்கப்புறம் பத்து நிமிட வேலை. திரை வந்ததும் பிலோமினா அக்கா பைக்குள்ளிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினார். கோப்பு ஏறி முடியும் வரை கையை அதன் மேலேயே வைத்திருந்தார். காமாட்சி திரையில் மருத்துவச்சியின் கைநாட்டைப் பார்த்தாள். "இன்னும் தெளிவாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கூடைக்குத் திரும்பிப் போனாள், மத்தியான நிறுவைக்கு நேரமாகிவிட்டதென்று.

மற்ற ஒன்பதையும் அதே மாதிரிதான் சரி செய்தேன். இரண்டு நாள் கொட்டகைக்கும் ஆபீசுக்குமாக ஏறி இறங்கினேன். மெதுவாக வேலை செய்கிறேன் என்று அஸ்லான் திட்டினார். பிறகு, யாரிடமும் சொல்லாமல் மற்ற இடங்களுக்கும் 'முதலில் அழிக்க வேண்டாம்' என்று ஒரு மெயில் அனுப்பியிருந்தார். கணேசனின் மழை மட்டும் திரும்பி வரவில்லை. எத்தனையோ மீட்பு மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தேன்.

காமாட்சியின் அட்டை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நான் கோலாலம்பூருக்கு வந்துவிட்டேன். பிலோமினா அக்கா ஒரு படம் அனுப்பினார். பிரிஞ்சாங்கில் போலீஸ் நிலையத்துக்கு நேர் எதிரே, கையில் சோளத்தோடு காமாட்சி நிற்கிறாள். 'இங்கதான் நின்னு சாப்பிடுவேன்னு ஒரே அடம்லா' என்று கீழே எழுதியிருந்தது.

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. மூன்று தோட்டத்துக்கும் சேர்த்துக் கீழே ஒரே அலுவலகம். பிலோமினா அக்கா மகளோடு கிள்ளானில். மலையில் ஒரு கணினி எழுந்திருக்கவில்லை என்றால் நான் இங்கிருந்தே, இந்த நாற்காலியிலிருந்தே சரி செய்கிறேன். சாவி எண்ணை நிரலே எடுத்துக்கொள்கிறது. நேற்றுகூட ஒன்று வந்தது, எந்தத் தோட்டம் என்று திரையில் இல்லை, ஒரு எண் மட்டும். நான் சரி செய்துகொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் யாரோ மவுஸைக் கொஞ்சம் அசைத்தார்கள். ஆணா, பெண்ணா, அங்கே மழையா என்று கேட்கலாமா என யோசித்தேன். கேட்பதற்கு அந்தப் பக்கத்தில் கட்டம் எதுவும் இல்லை. ஆறு நிமிடத்தில் வேலை முடிந்தது.