அம்மாவுக்காகப் பிடித்த சஷ்டி

மாதங்கி கிரேக்கத்துக்காகப் பாய்ப்படகு ஓட்டியவள். என் அக்கா குணசுந்தரியின் ஒரே பிள்ளை. வளர்ந்தது ஹீத்ரோ விமான நிலையத்தடி ஹவுன்ஸ்லோவில், தகப்பன் கிரேக்கன், அதனால் அந்த நாட்டுக் கொடி. அவள் தவழும் வயதில் அந்த மனுசன் தன் ஊர்க் கடலில் மீன்பிடிக்கப் போனவர், உடலும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவரின் மகள் தண்ணீரே கதி என்று கிடந்தால் தாய்க்கு எப்படி இருக்கும்? ஆனாலும் அக்கா ஒரு சொல் தடுக்கவில்லை. அவள் படகு பழகும் நீர்த்தேக்கக் கரையில் தேத்தண்ணீர்ப் போத்தலோடு பேசாமல் நிற்பாள். எனக்குத்தான் வாய் சும்மா இராது.

அது ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் படகு. காற்று பாயைச் சரிக்கும். ஓட்டுகிறவள் மறுபக்கம் உடம்பை வெளியே சாய்த்து நிமிர்த்த வேண்டும். உடம்பில் பாரம் இல்லாவிட்டால் காற்றுத்தான் வெல்லும். ஆகவே மாதங்கி சாப்பிட்டாள். பிட்டும் முட்டையும் கோழியுமாகச் சாப்பிட்டாள். எங்கள் சனம் விடுமா? கலியாண வீடுகளில், "என்ன பிள்ளை, நல்லா ஊதிப்போனாய்!" என்பார்கள். நானும் என் பங்குக்கு, "உனக்கு மாலை போட வாறவன் கையை நல்லா நீட்டவேணும்" என்பேன். அவள் சிரித்துக்கொண்டு இன்னொரு வடை எடுப்பாள்.

ஒலிம்பிக்குக்கு இந்தப் படகில் நாட்டுக்கு ஒருத்திதான் போகலாம். கிரேக்கத்தில் அந்த இடத்துக்கு மாதங்கியும் இன்னொருத்தியும் நின்றார்கள். ஐப்பசியில், ஏதென்ஸ் பக்கம் கடைசிப் போட்டி. அதற்கு முந்திய கிழமை ஆறு நாளும் கந்தசஷ்டி விரதம். அதே கிழமை அக்காவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன்.

"நான் வருசா வருசம் மிளகும் தண்ணியுமாப் பிடிக்கிற விரதம். டொக்டர் விடமாட்டார். எனக்காக நீ பிடி பிள்ளை" என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்ன விசரே அக்கா? இந்த நேரத்திலயோ அவளைப் பட்டினி போடுறாய்?"

"விடுங்கோ சின்னம்மா. அம்மா சுகமா எழும்பினா எனக்கு அதுவே காணும். நான் பிடிக்கிறன்" என்றாள் மாதங்கி.

பிடித்தாள். அக்கா கண் திறந்ததைப் பார்த்துவிட்டு, விரதம் முடித்துப் பாறணைச் சோறு உண்ட கையோடு விமானம் ஏறினாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் இருந்து போனில் பார்த்தோம். பேய்க்காற்று. மாதங்கியின் படகு கவிழ்ந்தது. நிமிர்த்தி ஏறினாள். திரும்பவும் கவிழ்ந்தது. மற்றவள் தாண்டிப் போய்விட்டாள். அக்கா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள். பிள்ளை வெல்லத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பாவி, நான் வேறு எதை நினைப்பேன்!

படகில் சாய்ந்து சாய்ந்து தேய்ந்த மாதங்கியின் முழங்கால் அடுத்த ஒலிம்பிக் வரை இன்னொரு நாலு வருசம் தாங்காது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். படகை விற்றாள். இப்போது ஹீத்ரோவில் ஷிப்ட் வேலை. வடையைத் தொடுவதில்லை.

தையில், அக்கா வைத்த நேர்த்தியைச் செலுத்த மூன்று பேருமாக ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம்.

"ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சதுக்குத்தானே?" என்று கேட்டேன்.

"அதுக்கில்லையடி. நான் இருந்தென்ன, செத்தென்ன? அவள் தண்ணியை விட்டு வந்திட வேணுமெண்டு நேர்ந்தனான். முருகன் கேட்டிட்டான்."

மாதங்கி அர்ச்சனைத் தட்டோடு பின்னால் நின்றதை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

"அம்மா," என்றாள். குரல் உயரவில்லை. "என்னட்டைக் கேட்டிருந்தா விட்டிருப்பனே."

அக்கா திரும்பவேயில்லை. ஒருநாளும் வாய் சும்மா இராத நான், அவள் கையிலிருந்த தட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.