டேங்க் மூடியில் வைத்த பொட்டு

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் குழாய் கம்பெனியில் நான் தற்காலிக ஃபிட்டர். என்னோடு இன்னொருவனும் அப்படித்தான். இருவரும் புதுவாயலில் குடியிருந்தோம். அவனுடைய சைக்கிளில் டபுள்ஸ் போவோம். எங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று தெரிந்த பிறகும் எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. அதாவது, எனக்குக் கிடையாது.

ஆபீசுக்கு முன்னால் மேனேஜர் புல்தரை வளர்த்தார். சுற்றுவட்டாரத்தில் மாடு வாய் வைக்காத புல் அது ஒன்றுதான். அதை வெட்ட ஒரு சின்ன பெட்ரோல் மெஷின். ஆயுத பூஜை முடிந்த மறுநாளே அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு மூச்சுத் திணறி, படார் படார் என்று வெடித்து நின்றுவிடும். சத்தம் கேட்டு வெளியே வந்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணு. யார் பேரை எழுதி அனுப்பறதுன்னு அப்புறம் பார்க்கறேன்."

பிளக்கைத் துடைத்தேன். பாயிண்டைத் தேய்த்தேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். ஷெட்டில் சமர்த்தாக ஓடியது. புல்லில் இறக்கினால் பத்தாவது நிமிடம் வெடி. இரண்டு நாளும் இதே கதை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நின்றுபோன மெஷினில் பெட்ரோல் இருக்கிறதா பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியின் நடுவில் காற்றுக்கென்று ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. அதன்மேல் காய்ந்த சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். பூஜையன்று மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தது நான்தான். இதற்கு நெற்றி எது என்று தேடி, மூடியில் அழுத்தி வைத்திருந்தேன். காற்று புகாததால் பெட்ரோல் இறங்கவில்லை. ஷெட்டில் மூடியைத் திறந்துபோட்டே ஓட்டியதால் கோளாறு தெரியவில்லை.

அப்போதே குத்தி எடுத்திருக்கலாம். மேனேஜர் கிளம்பிப் போயிருந்தார். காலையில் அவர் கண்ணெதிரே செய்துகாட்ட ஆசைப்பட்டு அப்படியே விட்டேன்.

டீக்கடையில் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நானே பொட்டு வெச்சி நானே அடைச்சிக்கினு, ரெண்டு நாளா இன்ஜினைப் பிரிச்சிக்கினு கீறேன்பா. ஒரு ஊசி போதும்."

அவன் புரையேறச் சிரித்தான். "யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. மானம் பூடும்" என்றான். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலையில் அவன் என்னை ஏற்றிக்கொள்ள வரவில்லை. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது புல்லில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தள்ளிக்கொண்டிருந்தவன் அவன். வராந்தாவில் மேனேஜர்.

"சந்தனத்தை வெச்சு அடைச்சதே நீதானாமே?"

பொய் என்றால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். சொன்னது அத்தனையும் உண்மை. "ஆமா சார்" என்றேன். கூடவே இருந்து குழி பறித்தான். மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது என் வாய். நிரந்தரமாக்க அவன் பெயரைத்தான் எழுதி அனுப்பினார்கள்.

மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் கேட்டேன். "இன்னாபா, இப்டி பண்ட்ட?"

"எனக்கு ரெண்டு கொழந்திங்க கீது. நீ ஒண்டிக்கட்ட" என்றான், கையைக் கழுவிக்கொண்டே.

என்னிடம் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனா, தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கும் நான் தற்காலிகம்தான். சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாகப் போய், புல்வெட்டும் மெஷின் அருகே குனிந்தேன். காக்கி யூனிஃபாரத்தில் நின்ற அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"மூடி மேல வெக்காத. ஓட்டை அடைச்சிக்கும்."

நான் கைப்பிடியில் வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனேன்.