மரவியாவின் வீடு போன வழி

தன் வீட்டைத் தூக்க வரும்படி மரவியா ஊரையே அழைத்திருந்தாள். எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தூண்மேல் நிற்கும் மரவீடுகளை அப்படியே தோளில் தூக்கி இடம் மாற்றும் லாபுங்கா ஊரில்கூட இப்படி ஒரு அழைப்பு அதுவரை வந்ததில்லை. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் வந்து தோள் கொடுப்பதும், பெண்கள் ஒட்டரிசி அவிப்பதும் வழக்கம்தான். கூப்பிட்டால் யாரும் மறுப்பதில்லை. மறுத்தவனுடைய வீடும் ஒருநாள் இடம் மாறத்தானே வேண்டும்? ஆனால் வீடு எங்கே போகிறது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூட முன்னமே தெரிந்திருக்கும். இந்த முறை யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க ஊருக்குத் தூக்கம் வரவில்லை என்றே சொல்லலாம். ஆற்றங்கரைக்குப் போகிறாள் என்றார்கள் சிலர். பள்ளிவாசலுக்குப் பின்னால் ரகசியமாக மனை வாங்கிவிட்டாள் என்றார்கள் வேறு சிலர்.

வீடுகளைத் தூக்கும்போது குரல் கொடுத்து எண்ணுகிறவர் அம்போ லாக்கா. அவர் நேரிலேயே வந்து கேட்டார்.

"ஏம்மா, கிழக்கா மேற்கான்னாச்சும் சொல்லேன். திரும்புற எடத்துல நான் கணக்குப் பாக்கணும்ல?"

"நான் முன்னால நடப்பேன் மாமா. நீங்க என் பின்னாடி வாங்க."

"எழுபது பேரு உன் முந்தானையைப் பாத்துக்கிட்டே நடக்கவா? நல்லாருக்கு போ!"

மரவியா சிரித்துச் சமாளித்தாள். சொல்லக் கூடாதென்று அவள் மறைக்கவில்லை. இதுதான் என் இடம் என்று உறுதியாகச் சொல்ல அவளுக்கு ஒரு இடம் இல்லை. அதுதான் உண்மை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது அந்த வீட்டில், கல்யாணம் ஆனதும் அங்கேயே. புருஷன் கடல் தாண்டி சபாவுக்குச் செம்பனைத் தோட்ட வேலைக்கென்று படியிறங்கிப் போனதும் அந்த வீட்டிலிருந்துதான். போனவன் போனவன்தான். மரவியா வாழைப்பழத்தைப் பிசைந்து, இலையில் மடித்து, பாரோங்கோ அவித்துச் சந்தையில் விற்றாள். அவள் கைப்பக்குவம் அக்கம்பக்கத்து ஊர்களில் கிடையாது. கடைசிப் பெண்ணுக்கு வீடு என்ற முறைப்படி வீடு அவளுக்கு வந்தது. வீடு என்றால் தூண், பலகை, தகரக் கூரை, அவ்வளவுதான். கீழே இருக்கிற மண் சித்தப்பா மகன் ஜுபைருடையது. முப்பது வருஷம் சும்மா விட்டிருந்தவன், இப்போது மகனுக்குச் செங்கல் வீடு கட்டப் போகிறான். மழைக்கு முன்னால் காலி செய்யச் சொன்னான். கெட்டவன் இல்லை. அவன் மண், அவன் கேட்கிறான்.

அவளுக்கும் மண் இருந்திருக்க வேண்டும். தென்னந்தோப்பு அக்கா தங்கை உங்கள் ரெண்டு பேருக்கும் பொது என்று அப்பா வாயால் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நில அளவைக்காரர்கள் ஊருக்கு வந்த அன்று மரவியா சந்தையில் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் பத்திரம் அக்கா ஹலிஜாவின் பெயரில் மட்டும் இருந்தது. மரவியா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பேசாதவள், இன்றுவரை பேசவில்லை. கல்யாண வீடுகளில் அக்கா ஒரு பந்தி, தங்கை ஒரு பந்தி.

இப்போது அந்தத் தோப்புக்குத்தான் வீட்டைக் கொண்டுபோகிறாள். அனுமதி கேட்கவில்லை. போய்க் கேட்டால் அக்கா கதவைச் சாத்திவிடலாம். எழுபது பேர் தோளில் வீட்டோடு நின்றால் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியைப் பல நாளாக மரவியா புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டாள். பயம் இருந்தது. ஆனால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் அதைவிடப் பெரிதாக இருந்தது. அக்கா முடியாதென்றால் பலகை பலகையாகப் பிரித்து விறகுக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஏனென்றால் தூக்கிய வீட்டை நினைத்த இடத்தில் இறக்க முடியாது. நடுத்தூணை வீட்டின் தொப்புள் என்பார்கள். தொப்புள் எந்த மண்ணைத் தொட்டதோ, வீடு அங்கே உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு வருஷத்துக்கு அதை யாரும் அசைக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் வந்தார்கள். தூண்களுக்குக் குறுக்கே மூங்கில் கட்டினார்கள். நடுத்தூணில் மரவியா ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு தேங்காயும் கட்டினாள். அம்போ லாக்கா குரல் கொடுத்தார். வீடு ஒருதரம் முனகிவிட்டு எழுந்தது. ஜன்னல் திரைகூடக் கலையவில்லை.

மரவியா முன்னால் நடந்தாள். வீடு பள்ளிவாசலைத் தாண்டியது. ஆற்றுப் பாதையையும் தாண்டியது. கூடவே வந்த பெண்கள் ஒவ்வொரு முடுக்கிலும் "இங்கதான்... இல்லையா?" என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மரவியா தென்னந்தோப்புப் பக்கம் திரும்பினாள். மூங்கிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அய்யய்யோ, இது எங்க தோப்பாச்சே!"

ஹலிஜாவின் புருஷன் பாசோ. அழைப்பை மறுக்க முடியாமல் வந்தவன், தன் தோளிலேயே வம்பைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறான்.

தோப்புக்குள் இருந்த தன் வீட்டிலிருந்து ஹலிஜா வேலிக்கு வந்தாள். கையில் அகப்பை. கூட்டத்தைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், கடைசியாகத் தங்கையைப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டுடி வந்தே?"

"யாரையும் கேக்கல. இங்க பாதி என்னுது."

"பத்திரத்துல பாரு, யாரு பேரு இருக்குன்னு!"

"தெரியும். அதை எழுதினப்போ நான் சந்தைல இருந்தேன். நீ இங்க இருந்தே."

அம்போ லாக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. "தாயிங்களா, பதினோரு வருஷப் பஞ்சாயத்தை எங்க தோள்மேல வெச்சா பேசுவீங்க? கொஞ்சம் சுருக்கமாப் பேசுங்க!"

"சரின்னு சொல்லித் தொலையேன்டி! என் முதுகு ஒடியுது!" என்று பாசோ உள்ளிருந்து கத்தினான்.

"நீ சும்மா கெட!" ஹலிஜா தங்கையின் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு அவங்க வந்தப்போ ரெண்டு பேரு பேரும்தான் சொன்னேன். நேர்ல இருக்கறவங்கதான் கையெழுத்து போடணும்னாங்க. போட்டேன். நீ சந்தைலேருந்து வருவே, வந்து என் தலைமயிரைப் புடிச்சி உலுக்குவே, உடனே கூட்டிட்டுப் போய் மாத்தி எழுதலாம்னு இந்த வாசல்லயே ஒக்காந்திருந்தேன். நீ வரல. மறுநாளும் வரல. ஏன்டி வரல?"

அன்று சந்தைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அக்காவே வந்து சொல்லட்டும் என்று மரவியாவும் தன் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே கால்மணி நேர நடைகூடக் கிடையாது.

"நீ வருவேன்னு நெனச்சேன்" என்றாள்.

"நானா? அக்கா நானு! நீதான் வந்து கத்தணும்!"

"பின்னாடி ரெண்டு பேருக்குக் கால் நடுங்குது!" என்று அம்போ லாக்கா கூவினார்.

ஹலிஜா அகப்பையை இடுப்பில் செருகினாள். வேலி மூங்கில்களை இரண்டு கையாலும் பிடுங்கிப் போட்டாள். ஒன்று, இரண்டு, ஐந்து, வீடு நுழையுமளவுக்கு. எழுபது பேரும் உள்ளே வந்தார்கள். தோப்பின் கிழக்கு ஓரத்தில் மரமில்லாத ஒரு இடம் இருந்தது. மரவியா அங்கே போய் நின்று, காலால் மண்ணைத் தட்டிக் காட்டினாள். அக்காவுக்குத் தொந்தரவில்லாத தூரம். அம்போ லாக்கா இறக்குவதற்குக் குரல் எடுத்தார்.

"அங்க வேணாம்!" என்று ஹலிஜா கத்தினாள்.

அம்போ லாக்கா எடுத்த குரலை நிறுத்தினார்.

"அவ்வளவு தள்ளி எதுக்கு? உங்கூடச் சண்டை போடறதுக்கு நான் தெனமும் தொண்டை கிழியக் கத்தணுமா? இன்னும் கிட்ட கொண்டாங்க."